பழைய கொடிக்கு ஒரு விளம்பரம்

1980களில் கட்டலோனியாவின் உள்ளூர்ச் செய்தித்தாள்களில் ஒரு விநோதமான விளம்பரம் வந்தது. உங்கள் நிலத்தில் பெயர் தெரியாத பழைய திராட்சைக் கொடி ஏதாவது நின்றால் எங்களுக்குத் தகவல் சொல்லுங்கள் என்பது அதன் சாரம். கொடுத்தவர்கள் ஸ்பெயினின் பெரிய ஒயின் குடும்பங்களில் ஒன்றான டோரஸ் குடும்பத்தார். பிரெஞ்சு ரகங்களையும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தொட்டிகளையும் அந்த வட்டாரத்துக்குக் கொண்டுவந்து, பழைய முறைகளை ஓரங்கட்டியவர்கள் என்று அதுவரை பேர் வாங்கியிருந்தவர்களும் இவர்களேதான். நாற்பது ஆண்டுகள் கழித்துப் பார்க்கும்போது, அந்த விளம்பரம்தான் அவர்கள் செய்த நவீனமான காரியங்களிலேயே மிக நவீனமானது என்று எனக்குத் தோன்றுகிறது. அதை விளக்க ஒரு பூச்சியிலிருந்து தொடங்க வேண்டும்.

பில்லோக்சரா என்பது அசுவினிக்கு உறவுக்காரப் பூச்சி; கண்ணுக்கு எளிதில் தட்டுப்படாத அளவுக்குச் சிறியது. வட அமெரிக்காவின் காட்டுத் திராட்சைகளின் வேரில் காலங்காலமாக வாழ்ந்துவந்தது. அந்த வேர்களுக்கு அதைத் தாங்கத் தெரியும். கடித்த இடத்தில் புண்ணை மூடிக்கொண்டு மேலே வளரும். ஐரோப்பியத் திராட்சைக்கு அந்தப் பழக்கம் இல்லை. கடிபட்ட வேர் வீங்கும், வெடிக்கும், வெடிப்பின் வழியே பூஞ்சை புகும், சில ஆண்டுகளில் கொடி செத்துப்போகும். 1863இல் தெற்கு பிரான்சில் முதன்முதலாகக் கண்ணில்பட்ட இந்த நோய், அடுத்த சில பத்தாண்டுகளில் ஐரோப்பாவின் திராட்சைத் தோட்டங்களில் பெரும்பகுதியை அழித்தது. பூச்சி பிரனீஸ் மலையைத் தாண்டக் கொஞ்சம் காலம் பிடித்தது. அந்த இடைவெளியில் பிரான்சுக்கு ஒயின் தேவைப்பட்டது, கட்டலோனியாவிடம் இருந்தது. கியூபாவுக்குப் போய்ப் பொருள் சேர்த்துத் திரும்பிய ஹைமே டோரஸ், சகோதரர் மிகெலோடு சேர்ந்து பெனெடெஸ் வட்டாரத்தின் விலாஃப்ராங்கா நகரில் ஒயின் கம்பெனி தொடங்கிய 1870ஆம் ஆண்டு, சரியாக அந்த நல்ல காலத்துக்குள் விழுகிறது. 1879இல் பூச்சி கட்டலோனியாவின் வடகோடிக்கு வந்தது. 1880களின் கடைசியில் பெனெடெஸுக்கும் வந்துசேர்ந்தது.

மருந்து ஒன்றும் பலிக்கவில்லை. கடைசியில் பலித்தது ஒட்டுக்கட்டும் வித்தை. அமெரிக்கக் காட்டுத் திராட்சையின் வேர்ப்பகுதி கீழே, ஐரோப்பியக் கொடியின் கொம்பு மேலே. இன்றைக்கு உலகின் நல்ல ஒயின்களில் பெரும்பாலானவை இப்படி இரண்டு கண்டங்களை ஒட்டவைத்த செடியில் விளைந்தவைதான்.

தோட்டத்தை முழுக்கப் பிடுங்கிவிட்டு, கன்றுகளைக் காசு கொடுத்து வாங்கி நடுவது சாதாரணச் செலவு அல்ல. கையில் இருக்கும் பணத்தைப் போடும் விவசாயி எதை நடுவார்? நன்றாகக் காய்ப்பதை, விலை போவதை, நாற்றங்காலில் கிடைப்பதை. பூச்சி வருவதற்கு முன் பெனெடெஸில் பெரும்பாலும் கருந்திராட்சைகளே இருந்தன. 1872இல் கொடோர்னியூ குடும்பத்தின் ஹோசெப் ராவென்டோஸ் ஷாம்பெயின் முறையில் நுரைக்கும் ஒயின் செய்து காட்டியிருந்தார். அந்தத் தொழில் சூடுபிடிக்கவே, மறுநடவில் மக்காபேயோ, ஷரெல்லோ, பரெல்லாடா ஆகிய மூன்று வெள்ளை ரகங்கள் நிலத்தை நிரப்பின. இன்று சுற்றுலாப் பயணிகளுக்கு ‘பெனெடெஸின் பாரம்பரியம்’ என்று ஊற்றிக் கொடுக்கப்படும், காவா என்ற அந்த நுரைக்கும் ஒயினின் தோட்டங்கள், ஒரு பேரழிவுக்குப் பிறகு சந்தையைப் பார்த்து எடுத்த முடிவின் விளைவு. அதற்கு முன்பிருந்த எத்தனையோ ரகங்கள் பட்டியலிலிருந்து சத்தமில்லாமல் விழுந்துவிட்டன.

இந்த விழுதல் ஏன் இவ்வளவு கொடியது என்பதைப் புரிந்துகொள்ளத் திராட்சையின் ஒரு குணத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். நல்ல ரகத் திராட்சையை யாரும் விதை போட்டு வளர்ப்பதில்லை. விதையிலிருந்து முளைப்பது தாயைப் போல இருக்காது. பழம் எப்படி வரும் என்று சொல்லவே முடியாது. கொம்பை வெட்டி நட்டால்தான் அதே செடி வரும். ஆக, ஒரு ரகம் என்பது எப்போதோ எங்கேயோ முளைத்த ஒற்றை விதையின் உடம்பு. நூற்றாண்டுகளாக வெட்டி வெட்டி நடப்பட்டு நீண்டுகொண்டே வருவது. உலகம் முழுக்கப் பரவியிருக்கும் காபெர்னே சோவிஞ்ஞோன்கூட, காபெர்னே ஃபிராங்க் என்ற கருந்திராட்சைக்கும் சோவிஞ்ஞோன் பிளாங்க் என்ற வெள்ளைத் திராட்சைக்கும் தற்செயலாகப் பிறந்த ஒரு குழந்தைதான் என்பதை 1997இல் கலிஃபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் மரபணுச் சோதனை காட்டிக்கொடுத்தது. இப்படியொரு ரகத்தின் கடைசிக் கொம்பும் காய்ந்துபோனால் கதை முடிந்தது. நெல்லைப் போல விதையை எடுத்து வங்கியில் வைத்துக் காப்பாற்ற வழியில்லை.

டோரஸ் குடும்பத்தின் வரலாற்றில் இன்னொரு அழிவும் உண்டு. ஸ்பானிய உள்நாட்டுப் போரின் முடிவில், 1939 ஜனவரியில், ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்த அவர்களின் ஒயின் ஆலை விமானக் குண்டுவீச்சில் நொறுங்கியது. மூன்றாம் தலைமுறை மிகெல் டோரஸ் கார்போ அதை மறுபடி கட்டினார். பீப்பாயில் மொத்தமாக விற்பதைவிடப் பாட்டிலில் அடைத்துச் சொந்தப் பெயரில் விற்பதே தொழில் என்று திருப்பியவரும் அவர்தான்.

அவருடைய மகன் மிகெல் ஏ. டோரஸ் பிரான்சின் திஜோனில் ஒயின் படித்துவிட்டு 1962இல் வந்து சேர்ந்தார். வந்தவர் கை வைத்த முதல் இடங்களில் ஒன்று நொதித்தல் தொட்டி. ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று ஆல்கஹால் ஆக்கும்போது வெப்பமும் வெளிவரும். தெற்கு ஐரோப்பாவின் அறுவடைக்கால வெயிலில், பெரிய மரத் தொட்டியிலோ சிமென்டுத் தொட்டியிலோ அந்த வெப்பம் போக வழியில்லாமல் ஏறிக்கொண்டே போகும். வெள்ளை ஒயினின் பழ வாசனையைத் தருகிற எஸ்டர்கள் ஆவியாகிப்போகும். இன்னும் சூடேறினால் ஈஸ்டே செத்து, நொதித்தல் பாதியில் நிற்கும். குளிர்நீர் ஓடும் உறையோடு கூடிய ஸ்டீல் தொட்டி இதை முடிவுக்குக் கொண்டுவந்தது. ஸ்பெயினில் அதை முதலில் கையாண்டவர்களில் டோரஸ் குடும்பமும் ஒன்று. 1960களில் காபெர்னே சோவிஞ்ஞோனையும் நட்டார்கள். 1979இல் கோ-மியோ இதழ் பாரிசில் நடத்திய ‘ஒயின் ஒலிம்பிக்’ போட்டியில், அந்தத் தோட்டத்தின் 1970ஆம் ஆண்டு ஒயின், பெயர் மறைத்த சுவைத்தேர்வில் போர்தோவின் புகழ்பெற்ற ஷாத்தோ லத்தூரை முந்தியது. அதே ஆண்டு சிலியிலும் தோட்டம் வாங்கினார்கள்.

இவ்வளவு வெற்றிக்குப் பிறகு பழைய கொடியை ஏன் தேட வேண்டும்? தொடக்கத்தில் இதில் ஆர்வத்தைவிடப் பெரிய வணிகத் திட்டம் எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை. 1980களின் தொடக்கத்தில் மிகெல் ஏ. டோரஸ் மீண்டும் படிக்க பிரான்சின் மோன்பெலியே போயிருந்தார். திராட்சை ரகங்களை அடையாளம் காணும் கலைக்கு அது தலைநகரம். அங்கிருந்து பிடித்துக்கொண்ட ஆர்வம் இது. வேலியோரத்திலும், காடு ஏறிய படிக்கட்டு நிலங்களிலும், மரத்தைப் பற்றிக்கொண்டும் தப்பிப் பிழைத்த கொடிகளைப் பற்றி விவசாயிகள் தகவல் தந்தார்கள். அவற்றுள் பெரும்பாலானவை தெரிந்த ரகங்களே என்று தேர்வில் தெரிந்துவிடும். எந்தப் பட்டியலிலும் சேராதது ஒன்றிரண்டு மிஞ்சும். முதலில் மிஞ்சியது காரோ என்ற கருந்திராட்சை. பின்னாளில் மரபணுவை ஒப்பிட்டபோது, அது வலென்சியா பக்கம் மந்தோ என்ற பெயரில் கொஞ்சம் தப்பியிருந்த ரகமேதான் என்பதும் தெரியவந்தது. இந்த மாதிரி ஏமாற்றங்கள் இந்த வேலையில் சகஜம். ஏமாற்றம் என்றுகூடச் சொல்லக் கூடாது. இரண்டு இடத்தில் இருக்கும் ரகம் ஒரே இடத்தில் இருப்பதைவிடப் பத்திரமானது.

கண்டுபிடித்த கொடியை அப்படியே வெட்டி நட முடியாது. வயதான திராட்சைக் கொடிகளில் வைரஸ் குடியிருக்கும். இலைச்சுருட்டை, விசிறி இலை போன்ற நோய்கள் கொம்போடு சேர்ந்தே அடுத்த தலைமுறைக்கும் போகும். ஆனால் துளிரின் உச்சியில், ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான வளர்நுனித் திசுவுக்குள் வைரஸ் பெரும்பாலும் எட்டுவதில்லை. அந்த நுனியை மட்டும் நுண்ணோக்கிக்குக் கீழே வெட்டியெடுத்து, சோதனைக் குழாயில் சத்துக் கூழின் மேல் வளர்த்தால் சுத்தமான கன்று கிடைக்கும். அதைப் பசுமைக்குடிலில் தேற்றி, வேறு வேறு வேர்க்கன்றுகளில் ஒட்டுக்கட்டி, வேறு வேறு மண்ணில் நட்டு, காய்க்கும் வரை மூன்று நான்கு ஆண்டு காத்திருந்து, பல அறுவடைகளில் சிறு அளவில் ஒயின் செய்து பார்க்க வேண்டும். நன்றாக வந்தாலும் விற்க முடியாது. அரசின் பயிரிடத்தக்க ரகங்களின் பதிவேட்டில் ஏற வேண்டும். அந்த வட்டாரத்தின் ஒயின் விதிகளும் ஏற்க வேண்டும். ஒரு ரகம் இதையெல்லாம் பத்தாண்டில் கடந்தால் அது வேகம்.

50க்கும் மேற்பட்ட ரகங்கள் இப்படி மீண்டன. ஒயினுக்குத் தேறியவை விரல்விட்டு எண்ணக்கூடியவை. காரோவும், மீண்ட இன்னொரு ரகமான கெரோலும், போப்லெட் மடாலயத்துக்கு அருகே விளையும் கிரான்ஸ் முரால்யெஸ் என்ற ஒயினில் கலவையாகச் சேர்ந்தன. ஆண்டுக் கணக்கைப் பார்த்துச் செலவை நியாயப்படுத்த வேண்டிய பங்குச்சந்தைக் கம்பெனி எதுவும் இதைத் தொடர்ந்து செய்திருக்கும் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. குடும்பத் தொழிலுக்கு இங்கே ஒரு சாதகம் இருக்கிறது: தொடங்கியவரின் பிள்ளைகளான மிகெல் டோரஸ் மக்ஸாசெக்கும் மிரேயாவும்தான் இப்போது அதை நடத்துகிறார்கள்.

மீட்பு வேலையில் ஒரு குறையும் இருக்கிறது. பழைய தோட்டத்தில் ஒரே ரகத்தின் செடிகளுக்குள்ளும் சின்னச் சின்ன மாறுதல்கள் சேர்ந்திருக்கும். ஒன்று சீக்கிரம் பழுக்கும், ஒன்று நோயைத் தாங்கும். ஒற்றைக் கொடியிலிருந்து பெருக்கிய ரகத்தில் அந்த உள்வேறுபாடு கிடையாது. பெயர் மீண்டது, பழைய கூட்டம் மீளவில்லை.

இதற்கிடையே வானிலை மாறியது. பெனெடெஸில் சராசரி வெப்பம் சில பத்தாண்டுகளில் ஒரு டிகிரிக்கு மேல் கூடியிருக்கிறது. அறுவடை முன்னே நகர்ந்திருக்கிறது. ஒரு டிகிரி என்பது நமக்குத் தெரியாது, திராட்சைக்குத் தெரியும். பழம் பழுப்பது ஒரே வேலை என்று வெளியிலிருந்து தோன்றும். உள்ளே பல கடிகாரங்கள் ஓடுகின்றன. சர்க்கரை சேர்வது ஒன்று. அமிலம் குறைவது இன்னொன்று. தோலில் நிறமும் விதையில் துவர்ப்பும் பக்குவப்படுவது மூன்றாவது. மிதமான தட்பவெப்பத்தில் இவை ஏறக்குறைய ஒரே வாரத்தில் வந்து சேரும். வெப்பம் கூடினால் சர்க்கரை முந்திக்கொள்ளும். பழத்திலுள்ள மாலிக் அமிலத்தைக் கொடி சுவாசத்துக்குச் செலவழிக்கும். இரவு வெதுவெதுப்பாக இருந்தால் அந்தச் செலவு இரவிலும் நிற்காது. டார்டாரிக் அமிலம் அவ்வளவாகக் குறையாது என்பது மட்டுமே ஆறுதல். வெயில் 35 டிகிரியைத் தாண்டினால் கருந்திராட்சையின் தோலில் நிறமிகள் உருவாவதும் தடைபடுகிறது.

இப்போது விவசாயிக்கு இரண்டு வழிதான். சர்க்கரை சரியாக இருக்கும்போது பறித்தால் விதை பச்சையாக இருந்து ஒயின் கசக்கும். விதை பக்குவப்படும்வரை காத்திருந்தால் சர்க்கரை எகிறிவிடும். ஒரு லிட்டர் சாற்றில் சுமார் 17 கிராம் சர்க்கரைக்கு ஒரு சதவீதம் ஆல்கஹால் என்பது தொழிலில் எல்லோரும் போடும் கணக்கு. அதன்படி 255 கிராம் போனால் 15 சதவீதம். அமிலம் இல்லாத 15 சதவீத ஒயின் இரண்டாவது கோப்பைக்குக் கை நீட்ட வைக்காது.

பழைய கொடிகளின் பயன் இங்கேதான் தெரியவந்தது. மீண்டவற்றில் ஃபோர்காடா என்ற வெள்ளை ரகம் தாமதமாகப் பழுப்பது, நல்ல வெயிலிலும் அமிலத்தை விடாதது. 1890இல் மறுநடவு செய்த ஒரு விவசாயிக்கு அது எப்படித் தெரிந்திருக்கும்? இலையுதிர்கால மழைக்கு முன் பழுக்காத, பல் கூசும் ரகம் என்று. அவர் அதை ஒதுக்கியிருந்தால் அது முட்டாள்தனம் அல்ல. அன்றைய தட்பவெப்பத்துக்கு அது குறை. இன்றைக்கு அதே குணத்தைத் தேடி அலைய வேண்டியிருக்கிறது. 1979இல் பரிசு வாங்கித் தந்த காபெர்னே, போர்தோவின் கடற்காற்றுக்குப் பழகியது. அதை என்ன செய்வது என்பதுதான் இப்போது கடினமான கேள்வி.

இன்னொரு வழி, கொடியை மாற்றாமல் இடத்தை மாற்றுவது. நூறு மீட்டர் ஏறினால் சுமார் 0.6 டிகிரி குறையும். விலாஃப்ராங்கா கடல் மட்டத்திலிருந்து இருநூற்றுச் சொச்சம் மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பிரனீஸ் அடிவாரத்தில் ட்ரெம்ப் அருகே டோரஸ் குடும்பம் வாங்கிய நிலம் சுமார் 950 மீட்டர். கணக்குப்படி நான்கு டிகிரிக்கு மேல் குளிர்ச்சி. திராட்சைக்கு மிகவும் குளிரான இடம் என்று ஒரு காலத்தில் கருதப்பட்ட அங்கே இப்போது பழம் பழுக்கிறது. மீட்கப்பட்ட பிரேனே என்ற ரகமும் அங்கே வளர்கிறது. ஆனால் வசந்தகால உறைபனி ஒரே இரவில் துளிரைக் கருக்கும். ஆலங்கட்டி மழையும் உண்டு. பணம் உள்ளவர் மலை ஏறலாம். ஐந்து ஏக்கர் வைத்திருக்கும் பெனெடெஸ் விவசாயி எங்கே ஏறுவார்? இந்தத் தீர்வைப் பற்றிப் பேசும்போது பாராட்டுரைகளில் இது மட்டும் விடுபட்டுப்போகிறது.

2000களின் பிற்பகுதியில் குடும்பம் தன் கரிக்கணக்கையும் எழுதத் தொடங்கியது. 2008ஐ அடிப்படையாக வைத்து, ஒரு பாட்டிலுக்கான கார்பன் உமிழ்வை 2030க்குள் 60 சதவீதம் குறைப்பது இலக்கு. 2019இல் கலிஃபோர்னியாவின் ஜாக்சன் குடும்ப ஒயின் நிறுவனத்தோடு சேர்ந்து, காலநிலைக்காகச் செயல்படும் ஒயின் ஆலைகளின் பன்னாட்டு அமைப்பையும் தொடங்கினார்கள். கவாத்து செய்த கொம்புகளையும் காட்டு விறகையும் எரிக்கும் கொதிகலன் வந்தது. இவற்றைவிட எனக்குச் சுவையாகப் படுவது நொதித்தல் வாயு. சர்க்கரையில் ஏறக்குறைய பாதி எடை கார்பன் டை ஆக்சைடாகவே வெளியேறுகிறது. ஒரு லிட்டர் சாறு ஒயினாவதற்குள் 50 லிட்டருக்கும் மேல் வாயு. அனல்மின் நிலையப் புகையைப் போல இல்லாமல் இது கிட்டத்தட்டச் சுத்தமான வாயு. அதைப் பிடித்து, ஒயின் மேல் காற்று படாமல் காக்கும் போர்வையாகத் தொட்டிகளில் பயன்படுத்துகிறார்கள். முன்பு அதற்கு வெளியிலிருந்து சிலிண்டரில் வாயு வாங்குவார்கள்.

இதில் பெருமைப்படவும் ஓர் அளவு உண்டு. அந்த வாயு அதே ஆண்டு இலைகள் காற்றிலிருந்து இழுத்ததுதான். விட்டாலும் வளிமண்டலத்துக்குப் புதிய சுமை இல்லை. பெரிய சுமை கண்ணாடி. சுமார் 1,500 டிகிரி உலையில் உருகி வரும் பாட்டில்தான் பெரும்பாலான ஒயின்களின் கரிக்கணக்கில் முதலிடம் பிடிக்கிறது. 750 மில்லி ஒயினைச் சுமக்க 400 கிராம் பாட்டில் போதும். விலை உயர்ந்த ஒயின்கள் 900 கிராம் பாட்டிலில் வருவது, கையில் கனத்தால் தரம் என்று வாங்குபவர் நினைப்பதால் மட்டுமே. டோரஸ் உட்படப் பலர் எடையைக் குறைத்திருக்கிறார்கள். எடை குறைந்த பாட்டிலைப் பற்றி யாரும் விளம்பரப் படம் எடுப்பதில்லை. மலையுச்சித் தோட்டத்தைத்தான் எடுக்கிறார்கள்.

மண்ணில் நடப்பது இன்னும் சிக்கலானது. வரிசைகளுக்கு நடுவே புல் முளைக்காமல் உழுதுவைப்பதுதான் பெனெடெஸில் நல்ல விவசாயிக்கு இலக்கணமாக இருந்தது. உழும்போது மண்ணின் மட்கு காற்றோடு கலந்து சிதைகிறது, சரிவுகளில் மேல்மண் மழையோடு போகிறது. இப்போது உழவைக் குறைத்து, மூடுபயிர் வளர்த்து, அதை மடக்கிப் போட்டு மட்கைச் சேர்க்கிறார்கள். மட்கு கூடிய மண் கூடுதல் நீரைப் பிடித்துவைக்கும். ஆனால் மூடுபயிரும் தண்ணீர் குடிக்கும். 2021இலிருந்து மூன்று ஆண்டுகள் கட்டலோனியாவை வறட்சி வாட்டியது. 2024 பிப்ரவரியில் பார்சிலோனா வட்டாரத்தில் அரசு வறட்சி நெருக்கடிநிலை அறிவித்தது. மழையே இல்லாத ஆண்டில் மூடுபயிரை எந்த வாரத்தில் மடக்குவது என்பது புத்தகத்தில் இல்லாத விஷயம். தாமதித்தால் கொடி காயும், அவசரப்பட்டால் மண் திறந்து கிடக்கும்.

அந்த வறட்சி காட்டிய இன்னொன்று, மேலே இருக்கும் ரகம் எவ்வளவு பழையதாக இருந்தாலும் தண்ணீரைத் தேடுவது கீழே இருக்கும் அமெரிக்க வேர் என்பது. பெனெடெஸின் சுண்ணாம்பு மண்ணைத் தாங்க, டெக்சாஸின் சுண்ணாம்புக் குன்றுகளில் வளர்ந்த பெர்லாண்டியேரி இனத்தைக் கலந்து உருவாக்கிய வேர்க்கன்றுகளே இன்றும் புழக்கத்தில் இருக்கின்றன. 110 ரிக்டர், 140 ருஜ்ஜேரி போன்ற அவற்றின் பிறப்பு 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும். அன்றைக்குத் தேடியது பூச்சியையும் சுண்ணாம்பையும் தாங்கும் வேரை. அவற்றுள் சில வறட்சியையும் நன்றாகவே தாங்கும், ஆனால் மூன்று ஆண்டு தொடர்ந்து வானம் பொய்ப்பதை மனத்தில் வைத்து யாரும் அவற்றை உருவாக்கவில்லை. மிலான் பல்கலைக்கழகம் வறட்சி, உப்பு, சுண்ணாம்பு ஆகியவற்றுக்காக உருவாக்கிய ‘எம்’ வரிசை வேர்க்கன்றுகள் 2014இல்தான் பதிவேறின. ஃபோர்காடாவையோ காரோவையோ அப்படியொரு வேரில் ஏற்றி, பெனெடெஸ் மண்ணில் நட்டு, நல்ல ஆண்டு கெட்ட ஆண்டு இரண்டையும் பார்த்து முடிவு சொல்ல இன்னும் ஒரு பத்தாண்டாவது ஆகும்.